ஆறு பிஸ்டன் காலிப்பர் போட்டால் கார் சீக்கிரம் நிற்குமா?

உங்கள் கேள்வியை இரண்டு முறை படித்தேன். கைமாறி வந்த இரண்டு கதவு ஸ்போர்ட்ஸ் கார், எடை ஏறக்குறைய 1,500 கிலோ. முன் சக்கரங்களுக்குப் பெரிய டிஸ்க்கும் ஆறு பிஸ்டன் காலிப்பரும் (பேட் எனும் உராய்வுக் கட்டைகளைப் பிஸ்டன்களால் டிஸ்க்கின் மேல் அழுத்தும் கவ்வி) சேர்ந்த ஒரு தொகுப்பைப் பார்த்து வைத்திருக்கிறீர்கள். டிஸ்க்கில் துளை இருப்பது நல்லதா, கோடு கீறியது நல்லதா என்று கேட்கிறீர்கள். ஆனால் போகிற போக்கில் எழுதிய இரண்டு வரிகள்தாம் என் கண்ணில் பட்டன. முன்னால் போன வண்டி திடீரென்று நின்றபோது பிரேக்கை உயிரைக் கொடுத்து மிதித்தீர்கள்; காலடியில் பெடல் படபடவென்று அதிர்ந்தது; கார் மட்டும் போய்க்கொண்டே இருந்தது. இன்னொரு நாள் நீண்ட மலைப்பாதையில் இறங்கி முடிக்கும் நேரத்தில் பெடல் பஞ்சுபோல் அமுங்கியது. ஆக, எந்தக் காலிப்பர் வாங்கலாம் என்பது உங்கள் கேள்வியே அல்ல. என் கார் ஏன் நிற்க மாட்டேன் என்கிறது என்பதுதான் கேள்வி. நீங்கள் சொன்ன இரண்டு சம்பவங்களும் ஒரே நோயின் அறிகுறிகளும் அல்ல. இரண்டு தனித்தனி நோய்கள். அந்தத் தொகுப்பு இரண்டில் எதற்குமே முதல் மருந்தில்லை.

பிரேக், சஸ்பென்ஷன் வேலையில் எனக்கு இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டது. அதில் பாதிக் காலம், வார நாளில் அலுவலகத்துக்கும் விடுமுறையில் பந்தயத் தடத்துக்கும் போகிற கார்களோடு கழிந்தது. கீழே வரும் கணக்குகள் பள்ளிக்கூட இயற்பியல். அவற்றில் சந்தேகம் வேண்டாம். கைப்பழக்கத்தால் சொல்வதை அப்படியே சொல்லிவிடுகிறேன். உங்கள் காரை நான் தொட்டுப் பார்க்கவில்லை என்பதையும் கடைசிவரை மனத்தில் வையுங்கள்.

முதலில் அந்தப் படபடப்பு. அது ஏபிஎஸ் வேலை செய்ததன் அடையாளம். ஒவ்வொரு சக்கரத்தின் வேகத்தையும் ஒரு சென்சார் பார்த்துக்கொண்டே இருக்கிறது. காரைவிட ஒரு சக்கரத்தின் வேகம் மட்டும் தடாலென்று குறைந்தால், அது சுழலாமல் தரையில் இழுபடப்போகிறது என்று அறிந்து, அந்தச் சக்கரத்துக்குப் போகும் அழுத்தத்தைத் தளர்த்தி மறுபடி பிடிக்கிறது. ஒரு நொடிக்குள் பலமுறை இது நடப்பதால்தான் பெடல் அதிர்கிறது. 1978-இல் பாஷ் நிறுவனம் மெர்சிடிஸ் எஸ் கிளாஸ் காருக்கு இதைக் கொடுத்த காலத்திலிருந்து அடிப்படை மாறவில்லை. இதில் உங்களுக்கான சேதி ஒன்றிருக்கிறது. ஏபிஎஸ் இறங்கி வந்து தளர்த்தியது என்றால், டயர் தாங்குவதைவிட அதிகமாகவே உங்கள் பிரேக் பிடித்தது என்று பொருள். பிரேக்குக்குப் பலம் போதவில்லை என்றால் அந்தப் படபடப்பே வந்திருக்காது. இன்னும் பலமான காலிப்பரை அங்கே மாட்டினால், அதே படபடப்பு கொஞ்சம் லேசாக மிதித்தாலே வரும். கார் நிற்கும் இடம் மாறாது.

கணக்காகவே பார்த்துவிடலாம். மணிக்கு 100 கி.மீ. என்பது நொடிக்கு 27.8 மீட்டர். டயருக்கும் தரைக்கும் இடையிலான உராய்வுக் கெழு (பிடிமானத்தின் அளவு) 1 என்றால், அந்த வேகத்திலிருந்து நிற்க ஏறக்குறைய 39 மீட்டர் வேண்டும். 0.8 என்றால் 49 மீட்டர். ஒட்டிப் பிடிக்கும் நல்ல டயர் போட்டு 1.1 கிடைத்தால் 36 மீட்டர். பிஸ்டன் எத்தனை, டிஸ்க் எவ்வளவு பெரிது என்பதற்கெல்லாம் இந்தச் சமன்பாட்டில் இடமே கிடையாது. 39-க்கும் 49-க்கும் 10 மீட்டர்தானே என்று தோன்றும். அதை வேறு விதமாகப் பாருங்கள். நல்ல டயர் போட்ட கார் முழுதாக நின்றுவிட்ட அதே புள்ளியை, 0.8 டயர் போட்ட கார் கடக்கும்போது அதன் வேகம் இன்னும் மணிக்கு 45 கி.மீ. இருக்கும். முன்னால் நிற்பது ஒரு லாரியின் பின்புறம் என்றால் அந்த 45-இன் அர்த்தம் சொல்லாமலே புரியும்.

எனவே டயரிலிருந்து தொடங்குங்கள். டயர் முகத்தின் ரப்பர் மேடுகளைப் பற்றி "பட்டன் எல்லாம் புதிதுபோல இருக்கிறது, பழைய உரிமையாளர் அதிகம் ஓட்டவில்லை" என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்குக் கவலை தருவது அதுதான். மொட்டை டயரைப் பார்த்தால் யாருக்கும் பயம் வரும். தேயாமல் கிழடான டயரைப் பார்த்தால் யாருக்கும் வராது. டயரின் பக்கவாட்டில் டாட் (DOT) என்ற எழுத்துகளோடு தொடங்கும் வரிசையின் கடைசி நான்கு இலக்கங்களைப் பாருங்கள். 2316 என்றிருந்தால் 2016-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் செய்தது. சில டயர்களில் இந்த முழு வரிசை ஒரு பக்கம் மட்டுமே இருக்கும். அது உள்பக்கமாக மாட்டப்பட்டிருந்தால் காருக்கு அடியில் விளக்கடித்துத்தான் படிக்க வேண்டும். தேதியைப் பார்த்த கையோடு பட்டன்களுக்கு நடுவிலுள்ள பள்ளத்தில் கட்டைவிரல் நகத்தை ஊன்றிப் பாருங்கள். நல்ல ரப்பர் நகத்துக்கு இடம் கொடுத்து மெல்ல மேலே வரும். இறுகிய ரப்பரில் நகம் சறுக்கும், பிளாஸ்டிக் வாளியைக் கீறுவதுபோல. பள்ளத்தின் அடியில் மயிரிழை வெடிப்புகள் இருக்கின்றனவா என்றும் பாருங்கள். நகச் சோதனை கரடுமுரடானது, ஒத்துக்கொள்கிறேன். ரப்பரின் கடினத்தை அளக்கச் சிறு கருவியே இருக்கிறது. ஆனாலும் நகம் சறுக்கிய டயரை அந்தக் கருவி மிருது என்று சொல்லி நான் பார்த்ததில்லை.

எத்தனை வயதில் மாற்ற வேண்டும் என்பதற்கு எல்லாருக்கும் பொருந்தும் ஒரே எண் கிடையாது. வெயிலில் நின்றதா, நிழலில் நின்றதா, காற்றில்லாமல் கிடந்ததா என்பதையெல்லாம் பொறுத்தது. ஐந்து ஆண்டுக்குப் பிறகு ஆண்டுதோறும் சோதிக்கவும், பத்து ஆண்டு ஆனால் எப்படியிருந்தாலும் கழற்றவும் சொல்லும் டயர் தயாரிப்பாளர்கள் உண்டு. வேகமாக ஓட்டவென்றே வாங்கிய காருக்கு நான் ஆறு ஆண்டோடு நிறுத்திக்கொள்கிறேன். அது விதியல்ல, என் பழக்கம்.

எந்த டயர் என்பதில்தான் ஏமாற நிறைய வழி இருக்கிறது. பக்கவாட்டில் டிரெட்வேர் என்று ஓர் எண் இருக்கும். 100 என்பது அடிப்படை. எண் பெரிதாக ஆக, டயர் நீண்ட நாள் உழைக்கும் என்று பொருள். பொதுவாக எண் சிறியதென்றால் ரப்பர் மிருது, பிடிமானம் கூடுதல். அதனால் 200 எண்ணைத் தேடிப்பிடித்து வாங்குகிறவர்கள் உண்டு. ஆனால் அந்த எண்ணைத் தயாரிப்பாளரே சோதித்துத் தானே போட்டுக்கொள்கிறார். ஒரே நிறுவனத்தின் இரண்டு டயர்களை ஒப்பிட அது உதவும். இரண்டு நிறுவனங்களை ஒப்பிட அதை நம்பிக் காசைக் கொடுக்க மாட்டேன். டிராக்‌ஷன் என்று பக்கத்தில் இருக்கும் ஏஏ, ஏ, பி எழுத்துகள் ஈரத் தரையில் சக்கரத்தைப் பூட்டி இழுத்து அளந்தவை. காய்ந்த தரையில் ஏபிஎஸ் உள்ள கார் எவ்வளவு தூரத்தில் நிற்கும் என்பதை அவை சொல்லவே சொல்லா. உங்கள் அளவிலேயே பல டயர்களை ஒரே காரில், ஒரே நாளில், ஒரே தடத்தில் ஓட்டி மீட்டர் கணக்கில் வெளியிடும் பத்திரிகைச் சோதனைகள்தாம் இருப்பதில் உருப்படியான ஆதாரம். அதிலும் காய்ந்த தரை, ஈரத் தரை இரண்டு அட்டவணைகளையும் பாருங்கள். ஒன்றில் முதலிடம் பிடித்தது மற்றொன்றில் கடைசிக்குப் பக்கத்தில் கிடப்பது அபூர்வமல்ல.

பந்தயத் தடத்துக்கு நெருக்கமான டயர்களைப் பற்றி ஓர் எச்சரிக்கை. சூடேறினால் அவை பசைபோல் ஒட்டும். குளிர்ந்த காலை முதல் கிலோமீட்டரில் சாதாரண டயரைவிட மோசமாக வழுக்கும். பள்ளங்கள் குறைவென்பதால் தேங்கிய தண்ணீரில் மிதக்கும். நீங்கள் சொன்ன திடீர் நிறுத்தம் எப்போது வரும் என்று முன்கூட்டித் தெரிந்தால் டயரைச் சூடாக்கிக்கொண்டு காத்திருக்கலாம். தெரியாது என்பதால், தினசரி ஓட்டும் காருக்கு நல்ல கோடைக்கால ஸ்போர்ட்ஸ் டயர் போதும் என்பேன். வெப்பநிலை 7 டிகிரிக்குக் கீழே போகும் ஊர் என்றால் அந்த ரப்பரும் இறுகிவிடும். குளிர்காலத்துக்கு வேறு டயர் வேண்டும்.

அகலமான டயர் போட்டால் சீக்கிரம் நிற்குமா என்பதும் உங்கள் கேள்வியில் ஒளிந்திருக்கிறது. பாடப்புத்தகத்தில் உராய்வுக்கும் பரப்புக்கும் தொடர்பில்லை என்று படித்திருப்போம். ரப்பர் அந்தப் பாடத்துக்கு முழுதாகக் கட்டுப்படாது. ரப்பரின் மேல் அழுத்தம் கூடக் கூட அதன் உராய்வுக் கெழு சற்றுக் குறைகிறது. அகலம் கூடினால் எடை பரவி அழுத்தம் குறைகிறது. அதனால் காய்ந்த தரையில் கொஞ்சம் லாபம் உண்டு. எவ்வளவு என்பது காருக்குக் கார் மாறும். ரப்பர் கலவையை மாற்றினால் கிடைக்கும் லாபத்தோடு ஒப்பிட அது சின்னது என்பது என் அனுபவம். ஈரத்தில் கதை தலைகீழாகும். அகலமான டயர் தண்ணீரின் மேல் ஏறி மிதக்க அவசரப்படும். ஒரு படி அகலம் கூட்டலாம், ரிம் அதற்கு இடம் தருமென்றால். வெளிவட்டத்தின் அளவு மட்டும் மாறக் கூடாது. மாறினால் வேகமானி பொய் சொல்லும், ஏபிஎஸ்ஸின் கணக்கும் குழம்பும். சுமை எண்ணும் வேகக் குறியீடும் தயாரிப்பாளர் சொன்னதற்குக் கீழே போகக் கூடாது. நான்கும் ஒரே ரகமாக இருக்கட்டும். முன்னால் மட்டும் புது டயர் போட்டுப் பின்னால் கிழட்டு டயரை விட்டுவைத்தால், ஈரமான வளைவில் பிரேக் மிதிக்கும்போது காரின் பின்புறம் முன்னால் வரப் பார்க்கும்.

காற்றழுத்தத்தை ஓட்டுவதற்கு முன், டயர் குளிர்ந்திருக்கும்போது பாருங்கள். ஷாக் அப்சார்பரையும் மறக்காதீர்கள். அது செத்துப்போயிருந்தால் மேடுபள்ளத்தில் சக்கரம் துள்ளும். துள்ளுகிற நேரத்தில் எந்த டயரும் பிடிக்காது.

இனி மலை இறக்கம். இது டயரின் குற்றமல்ல, வெப்பம் செய்த வேலை. 1,500 கிலோ கார் 100 கி.மீ. வேகத்தில் போகும்போது அதன் இயக்க ஆற்றல் ஏறக்குறைய 5.8 லட்சம் ஜூல். நிற்கும்போது அவ்வளவும் பிரேக்கில் வெப்பமாகிறது. எழுபது சதவீதம் முன் பிரேக்குக்குப் போகிறது, முன் டிஸ்க் ஒவ்வொன்றும் 9 கிலோ என்று வைத்துக்கொண்டால், ஒருமுறை நிறுத்துவதற்கு டிஸ்க் வெப்பம் சுமார் 50 டிகிரி ஏறும். இது ஒன்றுமே இல்லை. அதனால்தான் ஒரே ஒரு திடீர் நிறுத்தத்துக்குப் பெரிய டிஸ்க் எதையும் கூட்டித் தருவதில்லை. ஆனால் 200 கி.மீ. வேகத்திலிருந்து நிறுத்தினால் ஆற்றல் நான்கு மடங்கு. ஒரே மிதியில் 200 டிகிரி ஏறும். இப்போது உங்கள் மலையைப் பாருங்கள். 500 மீட்டர் உயரத்தை அந்தக் கார் இறங்குவது, 100 கி.மீ. வேகத்திலிருந்து பன்னிரண்டு முறைக்கு மேல் நிறுத்துவதற்குச் சமம். அதில் ஒரு பகுதியைக் காற்றும் எஞ்சினும் ஏற்றுக்கொள்ளும், நீங்கள் கியரைக் குறைத்து இறங்கியிருந்தால். மேல் கியரில் பெடலின் மேல் காலை வைத்தபடியே இறங்கியிருந்தால் ஏறக்குறைய மொத்த வெப்பமும் டிஸ்க்குக்கும் பேடுக்கும்தான். ஆறுவதற்கு அவகாசமும் கிடையாது.

வெப்பத்தில் பிரேக் இரண்டு விதமாகக் கைவிடும். எது நடந்தது என்பதைக் கால்தான் சொல்லும். பெடல் கல்போல் கெட்டியாக நிற்கிறது, ஆனால் கார் நிற்கவில்லை என்றால், பேட் தன் வெப்ப எல்லையைத் தாண்டிவிட்டது. கருகிய பிசின் வாடையும் வரும். பெடல் பஞ்சாக அமுங்குகிறது, அல்லது தரைவரை போகிறது என்றால், பிரேக் ஆயில் கொதித்துவிட்டது. உங்களுக்கு நடந்தது இரண்டாவது. நாம் ஆயில் ஆயில் என்று சொல்கிறோமே தவிர அது எண்ணெயே அல்ல, கிளைக்கால் வகைத் திரவம். உண்மையான எண்ணெயை யாராவது அதில் ஊற்றினால் ரப்பர் சீல்கள் எல்லாம் ஊதிக் கெட்டுவிடும். திரவத்தை அழுத்தினால் சுருங்காது. அதை நம்பித்தான் பிரேக் இயங்குகிறது. கொதித்தால் ஆவிக் குமிழ் உண்டாகும். ஆவியை அழுத்தினால் சுருங்கும். உங்கள் காலின் பலம் முழுவதும் அந்தக் குமிழைச் சுருக்குவதிலேயே கரைந்துபோகும், பேடுக்குப் போய்ச் சேராது.

இந்தத் திரவம் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் குணம் உடையது. தண்ணீர் சேரச் சேரக் கொதிநிலை விழும். பிரேக் திரவத்தின் தரவகைகளில் ஒன்றான டாட் 4-க்குப் புதிதாக இருக்கும்போது கொதிநிலை குறைந்தது 230 டிகிரி, 3.7 சதவீதம் தண்ணீர் சேர்ந்துவிட்டால் அது 155 ஆக இருந்தாலே தரவிதிக்குப் போதும். டாட் 3 இன்னும் கீழே, 205-உம் 140-உம். டாட் 5.1 மேலே, 260-உம் 180-உம். பந்தயத்துக்கென்றே விற்கும் சில திரவங்கள் புதிதில் 300-ஐத் தாண்டும், ஆனால் அவற்றை அடிக்கடி மாற்ற வேண்டும். டாட் 5 என்ற பெயர் மட்டும் ஒரு பொறி. 5.1-க்கு முந்தையது என்று நினைத்துவிடாதீர்கள். அது சிலிக்கோன், மற்றவற்றோடு கலக்காது, ஏபிஎஸ் உள்ள காருக்கு ஒத்துவராது. கடைசியாக எப்போது மாற்றியது என்று தெரியவில்லை என எழுதியிருக்கிறீர்கள். அந்தப் பதிலே போதும். நான்கு சக்கரத்திலும் பழையதை வெளியேற்றிப் புதியது நிரப்பச் சொல்லுங்கள். நீங்கள் கேட்ட மாற்றங்கள் எல்லாவற்றிலும் மிக மலிவானது இதுதான். மலையில் உயிரைக் காப்பதும் இதுதான்.

இதை நான் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. தொழிலுக்கு வந்த புதிதில் என் சொந்தக் காருக்கு விலையுயர்ந்த பேட் போட்டேன். பெருமையாகத் தடத்துக்குக் கொண்டுபோனேன். ஆயிலைத் தொடவில்லை, பார்க்கத் தெளிவாகத்தான் இருந்தது. நான்காவது சுற்றில், நேர்ப்பாதை முடிந்து வளைவு வரும் இடத்தில் மிதித்தேன். பெடல் எந்தத் தடையும் சொல்லாமல் கால் விரிப்புவரை போயிற்று, தண்ணீரில் காலை விட்டதுபோல. இரண்டாவது முறை மிதித்தேன், பாதியில் ஏதோ தட்டுப்பட்டது. மூன்றாவது முறை கொஞ்சம் பிடித்தது. அதற்குள் வளைவு போய்விட்டது. சரளைக்கல் பரப்பில் கார் கதவுவரை புழுதியோடு புதைந்து நின்றது. யாருக்கும் அடியில்லை. அன்று மாலை ஆயிலை வெளியேற்றச் சக்கரத்துக்கு அருகிலுள்ள நிப்பிளைத் திறந்தபோது வந்தது தேநீர் நிறத்தில் இருந்தது. மேலே தொட்டியில் தெரிந்த தெளிவு வெறும் மேல்பூச்சு.

அடுத்தது பேட். பேடின் விளிம்பிலோ முதுகிலோ அச்சடித்த எழுத்து வரிசையின் கடைசியில் இரண்டு ஆங்கில எழுத்துகள் இருக்கலாம். முதலாவது மிதமான வெப்பத்தில் உராய்வு, இரண்டாவது மிகுந்த வெப்பத்தில். இ என்றால் உராய்வுக் கெழு 0.25 முதல் 0.35 வரை, எஃப் 0.35 முதல் 0.45, ஜி 0.45 முதல் 0.55, எச் 0.55-க்கு மேல். எஃப்இ என்றிருந்தால் சூட்டில் பலவீனமாகும் பேட் என்று படிக்கலாம். ஆனால் இது சிறு துண்டை ஆய்வகக் கருவியில் தேய்த்துக் கொடுத்த எழுத்து, உங்கள் காரில் அளந்ததல்ல. கண்ணை மூடிக்கொண்டு நம்ப வேண்டாம். சாலைக்கும் எப்போதாவது தடத்துக்கும் என்று விற்கும் நடுத்தரப் பேட் உங்களுக்குப் பொருந்தும். முழுப் பந்தயப் பேட் குளிர்ந்த நிலையில் சரியாகப் பிடிக்காது. வீட்டை விட்டுக் கிளம்பி முதல் சிக்னலில் அதை மிதித்தால் ஒரு நொடி நெஞ்சு நின்றுவிடும். தவிர ரயில் நிற்பதுபோல் கிறீச்சிடும், சக்கரத்தில் படியும் தூள் பூச்சை அரிக்கும்.

எஃகு வலை போர்த்திய பிரேக் ஹோஸ் பற்றியும் கேட்டிருந்தீர்கள். காலுக்குச் சுகம்; பெடல் கெட்டியாகத் தெரியும். நிற்கும் தூரத்தைக் குறைக்காது. இப்போதுள்ள ரப்பர் ஹோஸ் வெடித்தோ ஊதியோ இருந்தால் எப்படியும் மாற்றத்தான் வேண்டும். அப்போது இதைப் போடுங்கள்.

இப்போது உங்கள் ஆறு பிஸ்டனுக்கு வருகிறேன். பிஸ்டன்களின் எண்ணிக்கையால் பிடிக்கும் பலம் கூடுவதில்லை. அவற்றின் மொத்தப் பரப்புதான் கணக்கு. எண்ணிக்கை கூடினால் நீளமான பேடைச் சமமாக அழுத்தலாம், அவ்வளவே. பெரிய டிஸ்க்குக்கு இரண்டு உண்மையான நன்மைகள் உண்டு: வெப்பத்தை வாங்கிக்கொள்ள இரும்பு கூடுதல், காற்றில் ஆறப் பரப்பு கூடுதல். தடத்தில் சுற்றுக்குச் சுற்று 200 கி.மீ. வேகத்திலிருந்து மிதிப்பவருக்கு அது தேவை. அதற்கு விலையும் உண்டு. காலிப்பரின் பிஸ்டன் பரப்பு கூடினால் அதை நகர்த்த அதிகத் திரவம் வேண்டும். பெடலை மிதிக்கும்போது திரவத்தைத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டர் பழையதென்றால் பெடல் இன்னும் கீழே போகும். ரிம்மின் கம்பிகளில் காலிப்பர் உரசலாம்.

இவற்றைவிடப் பெரியது முன்பின் பங்கீடு. உங்கள் காரின் ஈர்ப்பு மையம் தரையிலிருந்து அரை மீட்டர் உயரத்தில், முன்பின் சக்கர இடைவெளி 2.5 மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். முழுப் பலத்தோடு நிறுத்தும்போது பின்னாலிருந்து முன்னால் சாயும் எடை 300 கிலோ. நிற்கும்போது பாதிக்குப் பாதி இருந்தது, அந்த நேரத்தில் 70-க்கு 30 ஆகிறது. காரைச் செய்தவர்கள் இதைக் கணக்கிட்டு, முன் சக்கரம் சற்று முந்தி எல்லையைத் தொடும்படி அமைத்திருப்பார்கள். முன்னால் மட்டும் பலத்தைக் கூட்டினால் முன் சக்கரம் இன்னும் சீக்கிரம் எல்லையைத் தொடும். படபடப்பு வந்ததும் நம் கால் தானாகவே மேற்கொண்டு அழுத்துவதை நிறுத்திவிடும். பின் சக்கரங்கள் செய்யக்கூடிய வேலையைச் செய்யாமலே சும்மா உருளும். இப்படி மாற்றிக்கொண்டு வந்த ஒரு காரை அளந்தபோது மாற்றத்துக்கு முன்பு நின்றதைவிடத் தள்ளி நின்றது. அதன் உரிமையாளர் நம்பவில்லை, மறுபடி அளந்தோம், அதே கதை. எல்லாக் காரிலும் இப்படி ஆகும் என்று அடித்துச் சொல்ல மாட்டேன். ஏபிஎஸ் வந்த பிறகும் விடாமல் முழுப் பலத்தோடு மிதிப்பவரின் காரில் பின் பிரேக்கும் மெல்ல எல்லைக்கு வந்து சேரும், இழப்பு குறையும். ஆனால் பங்கீட்டைக் கணக்கிட்டு, உங்கள் மாடலுக்கென்றே செய்த தொகுப்பா என்று விற்பவரிடம் கேளுங்கள். எந்தக் காருக்கும் பொருந்தும் என்று சொன்னால் திரும்பி வந்துவிடுங்கள்.

துளையா கோடா என்ற கேள்விக்கும் பதில் சொல்லிவிடுகிறேன். துளைகள், பழைய காலப் பேடுகள் சூட்டில் கக்கிய வாயு வெளியேற உதவின. இன்றைய பேடுகளில் அந்தத் தொல்லை பெரும்பாலும் இல்லை. தடத்தில் சூடேறி ஆறி, சூடேறி ஆறி வரும் டிஸ்க்கில் துளையின் ஓரத்திலிருந்து வெடிப்பு ஓடுவதை நிறையப் பார்த்திருக்கிறேன். கோடு கீறிய டிஸ்க் பேடின் முகத்தை வழித்துச் சுத்தமாக வைக்கும், பேடைக் கொஞ்சம் சீக்கிரம் தின்னும். உங்களுக்கு இரண்டும் வேண்டாம். காற்று ஓட நடுவில் இடைவெளி விட்ட, முகம் வழவழப்பான நல்ல டிஸ்க் போதும். துளை அழகாக இருக்கிறது என்பதற்காகப் போட்டால் சண்டைக்கு வர மாட்டேன், வெடிப்பை மட்டும் அவ்வப்போது பாருங்கள். கார்பன் செராமிக் டிஸ்க் பற்றி என் கை அனுபவம் குறைவு, அதனால் விட்டுவிடுகிறேன்.

எதை வாங்குவதற்கும் முன்னால் நான்கு சக்கரத்தையும் கழற்றி இருப்பதைப் பார்க்கச் சொல்லுங்கள். காலிப்பர் வழுக்கி நகர உதவும் கம்பி (ஸ்லைடு பின்) துருப்பிடித்து இறுகியிருந்தால் ஒரு பேட் மட்டும் தேய்ந்திருக்கும், எதிர்ப் பேட் தடிமனாக இருக்கும். அதைத் தேய்த்துச் சுத்தம் செய்து, அதற்குரிய கிரீஸ் தடவினாலே பாதிக் குறை தீர்ந்துபோன கார்கள் உண்டு.

புது பேடும் டிஸ்க்கும் போட்டால் பழக்கிவிட வேண்டும். பேட் நிறுவனம் தந்த முறை இருந்தால் அதையே பின்பற்றுங்கள். இல்லையென்றால், ஆளில்லாத நேர்ப்பாதையில் மணிக்கு 80 கி.மீ. வேகத்திலிருந்து 20 வரை, ஏபிஎஸ் வராத அளவுக்கு அழுத்தி, முழுதாக நிறுத்தாமல் எட்டுப் பத்து முறை குறையுங்கள். பிறகு பிரேக்கைத் தொடாமல் சில கிலோமீட்டர் ஓட்டி ஆறவிடுங்கள். இதில் பேடின் பொருள் மெல்லிய படலமாக டிஸ்க்கில் படிகிறது. சூடாக இருக்கும்போது பெடலை அழுத்தியபடி நின்றால் அந்த இடத்தில் மட்டும் திட்டாகப் படியும். பிறகு பிரேக் மிதிக்கும்போதெல்லாம் ஸ்டீயரிங் நடுங்கும். டிஸ்க் வளைந்துவிட்டது என்பார்கள். பெரும்பாலும் வளைந்திருக்காது. தடிமனில் ஒரு மில்லிமீட்டரின் நூறில் இரண்டு பங்கு வேறுபாடே கைக்குத் தெரிந்துவிடும். சக்கர நட்டுகளை ஒழுங்கில்லாமல் முறுக்கினாலும் டிஸ்க் சாய்ந்து உட்கார்ந்து இதே நிலைக்கு வரும். முறுக்கும் விசையை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச் கொண்டு, ஒன்றுக்கு எதிர் ஒன்றாக முறுக்கச் சொல்லுங்கள்.

ஆகவே உங்கள் இடத்தில் நான் இருந்தால் முதலில் ஆயில், கூடவே நான்கு காலிப்பரின் பரிசோதனை. அடுத்து நான்கு டயர். அதற்கும் பிறகு பேட். இத்தனைக்குப் பிறகும் தடத்தில் பிரேக் சூடேறிச் சோர்ந்தால்தான் பெரிய தொகுப்பு. ஒவ்வொரு மாற்றத்துக்கு முன்னும் பின்னும் அளந்து பாருங்கள். போக்குவரத்து இல்லாத மூடிய தடத்தில் தரையில் ஒரு கோடு போட்டு, 80 கி.மீ. வேகத்தில் வந்து கோட்டைத் தொடும்போது முழு பலத்தோடு மிதித்து, நின்ற இடத்தை நாடாவால் அளக்கலாம். மூன்று முறை செய்து நடு எண்ணை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். இடையில் பிரேக் ஆறட்டும். புது டயர் என்றால் மேல்பூச்சு போக ஓரிரு நூறு கிலோமீட்டர் ஓட்டிய பிறகு அளங்கள். அந்தச் சோதனையில் பிரேக் குளிர்ந்திருக்கும்போதே, எவ்வளவு மிதித்தும் பெடல் அதிரவில்லை, கார் மெத்தனமாகவே நிற்கிறது என்றால் நான் மேலே சொன்ன டயர் கணக்கு உங்கள் காருக்குப் பொருந்தாது. கோளாறு, காலின் பலத்தைப் பெருக்கித் தரும் பூஸ்டரிலோ பேடிலோ காலிப்பரிலோ இருக்கிறது. அப்படியானால் பேடின் விளிம்பிலுள்ள எழுத்துகளையும், எஞ்சின் ஓடும்போதும் அணைத்த பிறகும் பெடல் எப்படி இருக்கிறது என்பதையும் எழுதுங்கள், அங்கிருந்து பார்ப்போம்.